பிக்கப் வண்டியின் செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாவியைத் திருப்பியதும் "டக்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு அடங்கிவிட்டால், பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: செல்ஃப் போய்விட்டது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது மோட்டாரை மாட்டிய பிறகும் அதே "டக்" கேட்பதுண்டு. அப்படிப்பட்ட வண்டிகளில் கோளாறு, உப்புப் பூத்த பேட்டரி டெர்மினலிலோ, எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பட்டை பாதி அறுந்து தொங்குவதிலோ இருந்திருக்கும். மோட்டாரைக் கழற்றி மாட்டுவது கடினமான வேலை அன்று. அதை மாற்றத்தான் வேண்டுமா என்று உறுதி செய்வதுதான் வேலையின் முக்கியமான பகுதி. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனருக்குக் கொடுத்த இடத்தை மல்டிமீட்டருக்கும் கொடுத்திருக்கிறேன்.

நம் ஊர்களில் காய்கறி, பால், தண்ணீர் கேன் என்று எல்லாவற்றையும் சுமக்கும் பொலேரோ பிக்கப் வகை வண்டியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முன்பக்கம் நீளவாக்கில் அமர்ந்த 4 சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர், 12 வோல்ட் மின் அமைப்பு ஆகியவை கொண்ட எந்தப் பிக்கப்புக்கும் இது பொருந்தும். கேபினுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் சிறிய வண்டிகளில் மோட்டாரை எட்டும் வழி மட்டும் மாறும், சோதனைகள் மாறா. 24 வோல்ட் உள்ள பெரிய லாரிகளுக்கு இங்கே உள்ள வோல்ட் கணக்கு பொருந்தாது.

சாவியைத் திருப்பியதும் உள்ளே நடப்பது

இதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் சோதனைகள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செல்ஃப் மோட்டாரின் முதுகில் ஒரு சிறிய உருளை இருக்கும், அதுதான் சோலனாய்டு. அதில் மூன்று இணைப்புகள். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கேபிள் சேரும் போல்ட்டுக்கு 30 என்று பெயர். அங்கிருந்து மோட்டாருக்குள் மின்சாரம் போகும் குட்டையான செம்புப் பட்டை சேரும் போல்ட் 45. சாவியிலிருந்து ரிலே எனும் மின்சுவிட்ச் வழியாக வரும் மெல்லிய ஒயர் சேரும் முனை 50. சில மோட்டார்களில் எண்கள் பொறித்திருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆனால் அமைப்பு இதுதான்.

சாவியைத் திருப்பினால் 50-ஆம் முனைக்கு மின்சாரம் வருகிறது. சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு, ஒன்று இழுக்க, மற்றொன்று பிடித்து வைத்திருக்க. இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கின்றன. அந்தத் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, பெண்டிக்ஸ் எனப்படும் சிறிய பல்சக்கரம் முன்னால் நகர்ந்து, எஞ்சினின் பின்முனையில் சுழலும் பிளைவீல் என்ற கனமான சக்கரத்தின் விளிம்பில் உள்ள ரிங் கியர் என்ற பல்வளையத்தில் மாட்டுகிறது. மாட்டிய பிறகு, தண்டின் மறுமுனையில் உள்ள செம்புத் தகடு 30-ஐயும் 45-ஐயும் இணைக்கிறது. அப்போதுதான் மோட்டாருக்கு முழு மின்சாரம் போய் எஞ்சின் சுற்றுகிறது.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். இழுக்கும் சுருள் தன் எர்த்தை மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) வழியாகவே பெறுகிறது. ஆகவே பிரஷ் தேய்ந்து, கம்யூட்டேட்டர் எனப்படும் சுழலும் பகுதியின் செம்பு வளையத்தைத் தொடாமல் நின்றுவிட்டால் மோட்டாரும் சுற்றாது, சோலனாய்டும் சரியாக இழுக்காது. மோட்டாரை மெல்லத் தட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்: அதிர்வில் பிரஷ் மறுபடி தொடுகிறது. அப்படி ஸ்டார்ட் ஆனால் நோய் தெரிந்துவிட்டது என்று பொருள், குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. சுத்தியலால் ஓங்கி அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இன்றைய மோட்டார்கள் பலவற்றில் சுருளுக்குப் பதில் நிலைக் காந்தங்கள் ஒட்டப்பட்டுள்ளன. ஓர் அடியில் காந்தம் விரிசல் விட்டு, பிரஷ் மாற்றினால் சரியாகியிருக்கும் மோட்டார் மொத்தமாகக் குப்பைக்குப் போய்விடும்.

சத்தத்தைக் கேளுங்கள்

"டக டக டக" என்று விடாமல் அடித்தால் முதலில் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் சந்தேகியுங்கள். தண்டு இழுபட்டு மோட்டாருக்கு மின்சாரம் பாய்ந்ததும் வோல்ட் சரிந்துவிடுகிறது. பிடித்து வைக்கும் சுருளால் தண்டைப் பிடிக்க முடியாமல் விட்டுவிட, வோல்ட் மறுபடி ஏறுகிறது, தண்டு மறுபடி இழுபடுகிறது. இதுவே அந்தத் தொடர் சத்தம். இந்த நிலையில் மோட்டாரைத் தொடவே தேவையில்லாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

ஒரே ஒரு "டக்" கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால் சோலனாய்டின் உள் செம்பு கருகியிருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம், தடித்த கேபிளிலோ எர்த்திலோ தடை இருக்கலாம். எதுவுமே கேட்கவில்லை என்றால் 50-ஆம் முனைக்கு மின்சாரமே வரவில்லை என்று வைத்துக்கொண்டு ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்சைப் பாருங்கள். சில வண்டிகளில் கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அந்த சுவிட்சையும் விட்டுவிடாதீர்கள். மோட்டார் "விர்ர்" என்று சுற்றி எஞ்சின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸின் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பெண்டிக்ஸ் முன்னால் வரவில்லை. கரகரவென்று உலோகம் அரைபடும் சத்தம் வந்தால் உடனே சாவியை விடுங்கள். பல் பல்லோடு மோதுகிறது. ஒவ்வொரு முயற்சியிலும் ரிங் கியர் சேதமாகும்.

காலையில் நன்றாக எடுத்து, நாள் முழுக்க ஓடிச் சூடேறிய பிறகு மட்டும் முனகி முனகிச் சுற்றுகிறதா? மோட்டாருக்குள் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் எனப்படும் சுழலும் பகுதி உட்சுவரில் உரசுவது இப்படித்தான் வெளிப்படும். ஒரு நாளில் பல இடங்களில் நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்யும் விநியோக வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

மல்டிமீட்டர் சோதனை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். அதை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே தொடங்குங்கள். சாவியைத் திருப்ப ஒருவர் கேபினில் இருக்கட்டும். எஞ்சின் திடீரென ஸ்டார்ட் ஆகிவிடலாம் என்ற எண்ணத்தோடு, மீட்டரின் ஒயர்களும் உங்கள் சட்டைக் கையும் ஃபேன் பெல்ட்டிலிருந்து விலகியிருக்கும்படி நில்லுங்கள்.

முதலில் பேட்டரி. இரவு முழுவதும் நிற்கவிட்ட வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு வந்துதான் மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும், இல்லையெனில் கிடைக்கும் எண்கள் எல்லாம் பொய். பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த நொடிகளில் பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். 9.6-க்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. நல்லதென்று தெரிந்த வேறொரு பேட்டரியை வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, பெரும்பாலானோர் செய்யாமல் விடும் சோதனை: கேபிளில் எவ்வளவு வோல்ட் காணாமல் போகிறது என்று அளப்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணில் வையுங்கள், கிளாம்பின் மேல் அல்ல, தூணின் மேலேயே. மறுமுனையைச் சோலனாய்டின் 30-ஆம் போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது மீட்டர் 0.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் இடையே அதேபோல் அளந்தால் 0.3-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் அந்த வழியில்தான் கோளாறு.

இந்தச் சிறிய எண்களை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இப்படிப்பட்ட டீசல் எஞ்சினைச் சுற்ற 150 முதல் 300 ஆம்பியர் வரை தேவைப்படுகிறது. ஒரு டெர்மினலில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும், 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 400 வாட் வெப்பம் அந்த ஒரு மூட்டில் எரிகிறது. கொஞ்ச நேரம் சாவியைப் பிடித்திருந்துவிட்டு டெர்மினலைத் தொட்டால் சுடுவது அதனால்தான். வெளியே பளபளவென்று இருக்கும் கேபிள் உள்ளே பச்சை பூத்துப் போயிருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீட்டர் சொல்லும்.

இந்தச் சோதனையில் ஒரு பொறியும் உண்டு. மின்சாரம் பாய்ந்தால்தான் வோல்ட் குறையும். மோட்டார் மின்சாரத்தை இழுக்கவே இல்லை என்றால் மீட்டர் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து கேபிள் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த நிலையில் "டக்" கேட்கும்போதே 45-ஆம் போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். 30-இல் 12 வோல்ட் இருந்து, 45-இல் ஒன்றும் இல்லை என்றால் சோலனாய்டின் உள் செம்பு கருகிவிட்டது. 45-இலும் 12 வோல்ட் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் பிரஷ் அல்லது ஆர்மேச்சர் கோளாறு. இந்த இரண்டில் ஒன்று உறுதியானால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். "டக்" சத்தமே இல்லையென்றால் 50-ஆம் முனையில் அளந்து பாருங்கள். அங்கே 9 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சோலனாய்டு அசையவில்லை என்றாலும் குறை மோட்டார் தொகுதியில்தான்.

கையில் மீட்டர் இல்லாத நேரத்தில் ஹெட்லைட் உதவும். விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் மங்கி அணைவது போலானால் பேட்டரியோ டெர்மினலோ தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் இறுகி நிற்கிறது. வெளிச்சம் அப்படியே இருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் போகவே இல்லை.

கடைசியாக ஒன்று. எஞ்சினே இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முன்னால் உள்ள கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட கைப்பிடி உள்ள சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் இயல்பாகச் சுற்றும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். அழுத்தம் ஏறி இறங்குவதை உணர்ந்தபடி இரண்டு முழுச் சுற்று சுற்ற முடிந்தால் சரி. ஓர் இடத்தில் கல் போல நின்றுவிட்டால், குறிப்பாக வண்டி வெள்ளத்தில் இறங்கி வந்திருந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். அந்த எஞ்சினில் புது மோட்டாரைப் போட்டு முறுக்குவது கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

புதிதா, பழுது பார்ப்பதா?

பழைய மோட்டாரின் வெளிக்கூடும் ஆர்மேச்சரும் நன்றாக இருந்து, பிரஷ், புஷ், சோலனாய்டு மட்டும் தேய்ந்திருந்தால், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பழுது பார்ப்பதையே நான் விரும்புவேன். தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் கூட்டுக்குள் புதிய பிரஷ்கள் என்பது, பெயர் தெரியாத மலிவுப் புது மோட்டாரைவிட நீண்ட நாள் உழைக்கும். ஆர்மேச்சர் கருகி வாடை அடித்தால், காந்தம் உடைந்திருந்தால், பெண்டிக்ஸ் இருக்கும் முன்மூக்கு விரிசல் விட்டிருந்தால் புதிதுதான் வழி.

இந்திய வண்டிகளில் லூகாஸ் டிவிஎஸ் மோட்டார்களே பரவலாகக் காணப்படும். 1961-இல் தொடங்கிய அந்த நிறுவனம் சென்னை பாடியில் இருக்கிறது. எந்தத் தயாரிப்பாக இருந்தாலும், பழைய மோட்டாரின் தகட்டில் உள்ள பாக எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தகடு அழிந்திருந்தால் மோட்டாரையே எடுத்துப் போவது நல்லது. வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிகளில் எஞ்சின் மாறியிருக்கும், மோட்டாரும் மாறியிருக்கும். கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து, பெண்டிக்ஸின் பல் எண்ணிக்கை, பல்லின் பருமன், போல்ட் துளைகளின் இடம், மோட்டார் சுற்றும் திசை, சோலனாய்டு அமர்ந்திருக்கும் கோணம், கிலோவாட் அளவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஒரு பல் வித்தியாசம்கூட ரிங் கியரைத் தின்றுவிடும்.

சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டையில் பழைய மோட்டார்கள் கிடைக்கும். அங்கே வாங்கினால் கண் முன்னாலேயே பேட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் தினமும் சுமை ஏற்றிப் பிழைப்பு நடத்தும் வண்டிக்கு, உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாத பழைய மோட்டாரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்துத் தரும் கடைகளும் உண்டு. ஆகையால் கழற்றிய மோட்டாரை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

தொடங்கும் முன்

ரிங் ஸ்பேனர் தொகுப்பு, ராட்செட், சாக்கெட்டுகள், ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன், ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷன், திரும்பக்கூடிய யுனிவர்சல் மூட்டு, துரு இளக்கும் ஸ்ப்ரே, கம்பி பிரஷ், உப்புத்தாள், வாசலின், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. மோட்டார் போல்ட்டுகள் வருடக்கணக்கில் மழையும் சேறும் பட்டவை. முந்தைய நாள் மாலையே அவற்றில் ஸ்ப்ரே அடித்து வைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும், புகைக்குழாய் பெரும்பாலும் மோட்டாருக்கு அருகில்தான் ஓடும். பிக்கப்புகள் உயரமானவை என்பதால் பல வண்டிகளில் ஜாக்கி போடாமலே படுத்து உள்ளே போய்விடலாம். அதுவே சிறந்தது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சமமான சிமென்ட் தரையில் சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் நிறுத்துங்கள். மண் தரை என்றால் ஸ்டாண்டின் கீழே தடித்த பலகை வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் மேலே பாரம் வந்தால் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். சுமையை இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். நீங்கள் அடியில் இருக்கும்போது வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

மோதிரம், உலோகப் பட்டை போட்ட கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேட்டரிக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் அது ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

கழற்றுதல்

பேட்டரியில் முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றி, தூணின் பக்கமே திரும்ப முடியாதபடி ஒரு துணியில் சுற்றி ஒதுக்குங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் எங்காவது உடம்பில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். நெகட்டிவ் போன பிறகு அந்த ஆபத்து இல்லை. 30-ஆம் போல்ட்டுக்கு வரும் கேபிளுக்கு நடுவில் எந்த ஃபியூஸும் பெரும்பாலும் இருக்காது என்பதால், இந்த ஒரு படியை மட்டும் எந்த அவசரத்திலும் தவிர்க்கக் கூடாது.

மோட்டார் எங்கே என்று தேட வேண்டியதில்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் தடித்த கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனால் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் ஓரத்தில் கொண்டு போய் நிறுத்தும். மண் அப்பியிருந்தால் கம்பி பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது அந்த மண் துளை வழியாக உள்ளே விழுந்தால் கிளட்ச்சுக்குப் போய்விடும்.

ஒயர்களைக் கழற்றும் முன் கைப்பேசியில் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுங்கள். ரப்பர் மூடியை விலக்கி, 30-ஆம் போல்ட்டின் நட்டைக் கழற்றி, தடித்த கேபிளையும் அதோடு சேர்ந்து வரும் மற்ற ஒயர்களையும் எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் ஒயரும் இதே போல்ட்டில்தான் வந்து சேரும். மறந்து விட்டுவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகாது. 50-ஆம் முனையின் ஒயர் சொருகும் வகையாக இருந்தால் ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து எடுங்கள்.

இனி மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். வழக்கமாக இரண்டு அல்லது மூன்று. கீழே உள்ளது கண்ணுக்குத் தெரியும், எளிதில் வரும். மேலே உள்ளதுதான் இந்த வேலையில் அதிக நேரத்தை விழுங்கும். அது கண்ணுக்குத் தெரியாமல், கை மட்டும் போகும் இடத்தில் இருக்கும். நீண்ட எக்ஸ்டென்ஷனை யுனிவர்சல் மூட்டோடு கியர் பாக்ஸின் மேல்புறமாகப் பின்னாலிருந்து நீட்டினால் பல பிக்கப்புகளில் நேராகப் போய் உட்காரும். பன்னிரு முனை சாக்கெட்டைத் தவிர்த்து ஆறு முனை சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். துருப்பிடித்த தலை மழுங்கினால் அந்தப் போல்ட்டை எடுக்க ஒரு நாள் போய்விடும். அசையவில்லை என்றால் ஒரேயடியாக இழுக்காமல், சற்று இறுக்கிப் பிறகு தளர்த்தி, மறுபடி ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள். இறுக்கும் திசையில் வரும் சிறு அசைவே துருவின் பிடியை உடைத்துவிடும்.

மேல் போல்ட்டை முதலில் முழுதாகக் கழற்றிவிட்டு, கீழ்ப் போல்ட்டைக் கடைசியாக எடுங்கள். எடுக்கும்போது ஒரு கை மோட்டாரின் அடியில் இருக்கட்டும். மோட்டார் வகையைப் பொறுத்து 4 முதல் 10 கிலோ வரை இருக்கும், முகத்துக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். போல்ட்டுகள் எடுத்த பின்னும் மோட்டார் ஒட்டிக்கொண்டு நின்றால் மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டி, முன்னும் பின்னும் ஆட்டி உருவுங்கள். மோட்டாருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே மெல்லிய தகடு இருந்தால் பத்திரப்படுத்தி, அதே இடத்தில் திரும்பப் போட வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை அதுதான் தீர்மானிக்கிறது.

ரிங் கியரைப் பார்க்காமல் மூடாதீர்கள்

மோட்டார் இருந்த துளை வழியாக டார்ச் அடித்தால் ரிங் கியரின் பற்கள் தெரியும். கிராங்க் புல்லியைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒரு முழுச் சுற்றுக்கும் எல்லாப் பற்களையும் பாருங்கள். 4 சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது அழுத்தத்தின் காரணமாக ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும். அதனால் பெண்டிக்ஸ் மறுபடி மறுபடி அந்த இரண்டு இடங்களிலேயே மோதி, அங்கே மட்டும் பற்கள் தேய்ந்திருக்கும். துளைக்கு நேரே இருக்கும் பத்துப் பற்களைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று மூடினால் அந்தத் தேய்மானம் கண்ணில் படாது. பல்லின் ஓரம் சற்று மழுங்கியிருந்தால் பிழையில்லை. பல் உடைந்தோ, பாதி நீளத்துக்குத் தேய்ந்தோ இருந்தால் ரிங் கியரையும் மாற்ற வேண்டும். அதற்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும், வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை அன்று.

உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றிய மோட்டாரின் மூக்கு எண்ணெயில் குளித்திருந்தால், எஞ்சினின் பின் ஆயில் சீல் கசிகிறது. அதைச் சரி செய்யாமல் போட்டால் புது மோட்டாரும் அதே எண்ணெயில் ஊறும்.

பொருத்தும் முன் ஒரு சோதனை

புது மோட்டாரைத் தரையில் வைத்தே சுற்றிப் பார்த்துவிடுங்கள். வைஸில் இறுக்கி, ஜம்பர் கேபிளின் நெகட்டிவை மோட்டாரின் உடம்பிலும் பாசிட்டிவை 30-இலும் கொடுங்கள். ஒரு மெல்லிய ஒயரால் 30-இலிருந்து 50-ஐ ஒரு நொடி தொட்டால் பெண்டிக்ஸ் வெளியே பாய்ந்து சுற்ற வேண்டும், ஒயரை எடுத்ததும் உள்ளே போக வேண்டும். தொடங்கும் வேகத்தில் மோட்டார் துள்ளும், கையில் பிடித்துச் செய்யாதீர்கள். பளு இல்லாமல் சுற்றும்போது வேகம் மிக அதிகம் என்பதால் ஓரிரு நொடிகளே போதும்.

பொருத்துதல்

மோட்டாருக்கு எர்த் கிடைப்பது ஹவுசிங்கோடு அது ஒட்டும் முகத்தின் வழியாகத்தான். ஆகவே அந்த முகத்தைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். பழுது பார்த்து வாங்கிய மோட்டார்களில் அழகுக்காக அந்த இடத்திலும் வண்ணம் பூசியிருப்பார்கள், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

மோட்டாரை நேராக ஏற்றி, மூக்கு துளையில் முழுதாக உட்கார்ந்த பிறகு போல்ட்டுகளை விரலால் சில சுற்று ஏற்றுங்கள். சாய்ந்து நிற்கும் மோட்டாரைப் போல்ட்டால் இழுத்து உட்கார வைக்க முயன்றால் அதன் அலுமினியக் காது உடையும். எல்லாப் போல்ட்டும் கையால் ஏறிய பின் மாறி மாறி இறுக்குங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. அது கிடைக்காவிட்டால் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒயர்கள். கேபிள் முனையில் உள்ள உலோக வளையங்களான லக்குகளின் இரு முகத்தையும் பளபளப்பாகத் தேயுங்கள். 30-ஆம் போல்ட் செம்பு என்பதால் அதன் நட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் போல்ட்டே உள்ளே திரும்பிவிடும். உறுதியாக, ஆனால் மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லக் 45-ஆம் போல்ட்டின் பக்கமோ உடம்பின் பக்கமோ சாய்ந்து தொடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மேலே வாசலின் தடவி, ரப்பர் மூடியைப் போடுங்கள். கிழிந்த மூடியை அப்படியே விடாதீர்கள். புகைக்குழாயைத் தொடாதபடி கேபிளைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையின் இரு முனைகளையும் இந்த வேளையிலேயே கழற்றித் தேய்த்து மாட்டிவிடுவது நல்லது, இனி ஒருமுறை அடியில் படுக்க வேண்டியதில்லை.

பேட்டரியில் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

முதல் ஸ்டார்ட்

அடியிலும் எஞ்சின் மேலும் கருவி எதுவும் கிடக்கவில்லை என்று பார்த்த பின் சாவியைத் திருப்புங்கள். ஒரே சீராகச் சுற்றி எஞ்சின் பிடிக்க வேண்டும். எஞ்சின் பிடித்த பின்னும் கூர்மையான ஊளைச் சத்தம் தொடர்ந்தால் பெண்டிக்ஸ் திரும்பவில்லை, உடனே எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தியும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ரிலேயோ சாவி சுவிட்சோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய மோட்டாரைக் கொன்றதும் அதுவாகவே இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் மீட்டரை எடுத்து, முன்பு செய்த வோல்ட் இழப்புச் சோதனைகளைத் திரும்பச் செய்து எண்களைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை செல்ஃப் முனகும்போது ஒப்பிட அவை உதவும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குக் குறைவு என்றால் ஆல்டர்னேட்டர் ஒயர் திரும்ப மாட்டப்பட்டதா என்பதே முதல் கேள்வி.

ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். தளர்ந்த பேட்டரியோடு விடாமல் அடிப்பது சோலனாய்டின் செம்பைக் கருக்கும். ஒரு வாரம் சுமையோடு ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மோட்டார் போல்ட்டுகளிலும் 30-ஆம் முனையின் நட்டிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். அதிர்வில் ஏதாவது தளர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.